அக்டோபரில் எட்டிப்பார்க்கும் டியூலிப் முளை: விடுவதா, மூடுவதா, தோண்டுவதா?

தெற்கு ஒன்டாரியோவில் அக்டோபர் கடைசியில் வாடிய செவ்வந்திகளைப் பிடுங்கும்போது, மண்ணில் விரல் நுனி உயரத்துக்குப் பச்சை முளைகள் தெரியும். ஏப்ரலில் வர வேண்டியவை. டிசம்பர் வாக்கில் தரை இறுகிவிடும், ஜனவரியில் மைனஸ் 15, மைனஸ் 20 வரும். இந்த முளைகள் செத்துவிடுமா, வசந்தத்தில் பூ வருமா என்ற கவலை நியாயமானதுதான். ஆளுக்கு ஒரு யோசனையும் சொல்வார்கள்: அப்படியே விடு, இலைச்சருகு போட்டு மூடு, மேலே மண் கொட்டு, தோண்டி ஆழமாக நடு, துணி போர்த்து. ஐந்தும் ஐந்து விதமான பிரச்சினைகளுக்கான மருந்து. எது உங்கள் பிரச்சினை என்று தெரியாமல் கை வைத்தால், நன்றாக இருக்கும் கிழங்கையும் கெடுத்துவிடுவோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான தோட்டங்களில் சரியான விடை, ஒன்றும் செய்யாமல் விடுவது. செய்தே ஆக வேண்டுமென்றால் டிசம்பரில் ஒரு மூடாக்கு, அதாவது மண்மேல் சருகோ வைக்கோலோ பரப்புவது. தோண்டுவது மிகச் சில இடங்களில் மட்டும். முளையை வெட்டுவது எங்கும் கூடாது.

முதலில், முளைத்தது எது?

சில கிழங்குகளுக்கு இலையுதிர்காலத்தில் இலை விடுவதே இயல்பு. திராட்சைக் கொத்துப் போல நீலப் பூ பூக்கும் மஸ்காரி இதில் முதலாவது. முதல் வருடம் நட்டபோது சும்மா இருக்கும். இரண்டாம் வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே புல் போல மெல்லிய இலைகளை விட்டு, அதோடேயே பனிக்காலத்தைக் கடக்கும். இலை நுனி கருகும், ஏப்ரலில் பூ தவறாமல் வரும். இதை ஒரு வசதியாகவே பயன்படுத்தலாம்: டியூலிப் கூட்டத்தைச் சுற்றி நாலைந்து மஸ்காரி நட்டுவைத்தால், அடுத்த இலையுதிர்காலத்தில் எங்கே தோண்டக் கூடாது என்று அந்த இலைகளே அடையாளம் காட்டும். டச்சு ஐரிஸும் இதே ரகம். மடோனா லில்லி என்ற வெள்ளை லில்லி, தரையோடு ஒட்டிய இலைக் கொத்து ஒன்றை இலையுதிர்காலத்தில் விட்டுத்தான் குளிரைச் சந்திக்கும். குங்குமப்பூ தரும் குரோக்கஸ் இலையும் பூவும் ஒன்றாக அக்டோபரில் வரும். அக்டோபரில் ஊன்றிய பூண்டுப் பல்லும் ஒரு சாண் வரை முளைத்துவிட்டு, அப்படியே உறைந்து, ஏப்ரலில் விட்ட இடத்திலிருந்து தொடரும். இவற்றுக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியவை டியூலிப், டாஃபடில், ஹயசிந்த். இவை மண்ணுக்குள் வேர் விட்டு, முளையை உள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியவை. வெளியே தலை நீட்டினால் ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம்.

ஏன் முளைக்கிறது

கிழங்கின் உள்ளே நடப்பது தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். அக்டோபரில் ஒரு டியூலிப் கிழங்கை வெங்காயம் போல நெடுக்குவாட்டில் பிளந்து பாருங்கள். வெளியே பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை அடுக்குகள், அடியில் வேர் கிளம்பும் தட்டு. அந்தத் தட்டின் மேல், நடுவில், இளமஞ்சள் நிறத்தில் ஒரு குருத்து நிற்கும். அதன் இலைகளை ஊசியால் விலக்கினால், உள்ளே அரிசி மணி அளவில் பூ ஏற்கெனவே உருவாகி உட்கார்ந்திருக்கும். ஆக, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இலை நுனி மட்டுமே. பூ இன்னும் கிழங்குக்குள், அடித்தட்டுக்குப் பக்கத்தில், மண்ணின் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்தப் பூத்தண்டு நீள வேண்டுமானால் குளிர் வேண்டும். டியூலிப்புக்கு 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம், டாஃபடிலுக்கும் ஏறக்குறைய அதே. அக்டோபரில் அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை. அதனால் இலை நுனி கொஞ்சம் நீண்டாலும், பூ பின்தொடர்ந்து வந்துவிடாது.

குளிரே எதிரி என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். டொராண்டோவைவிடக் கடுமையான குளிர் ஒட்டாவாவில். 1945-இல் நெதர்லாந்து இளவரசி யூலியானா நன்றிக் காணிக்கையாக 1,00,000 டியூலிப் கிழங்குகள் அனுப்பியது அந்த ஊருக்குத்தான். இன்றும் மே மாதம் ஊரே டியூலிப் விழாக் கொண்டாடுகிறது. இந்தக் கிழங்குகளைக் குழப்புவது இலையுதிர்காலத்தின் வெதுவெதுப்புதான்.

வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் காரணம் சிக்கிவிடும். செப்டம்பரில், மண் இன்னும் 18 டிகிரியில் இருக்கும்போதே நட்டிருக்கலாம். நடும் ஆழத்தில் மண் 13 டிகிரிக்கு இறங்கிய பிறகு நடுவதுதான் முறை. தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டிய பாத்தியாக இருக்கலாம்; சூடேற்றிய பேஸ்மென்ட் சுவரை ஒட்டிய ஓரடி மண் எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருக்கும். துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக் குழாய் வெளியே வரும் இடத்துக்கு நேர்க் கீழே நட்டிருந்தால், அந்த ஒரு கூட்டம் மட்டும் முளைத்து, பக்கத்தில் உள்ளவை தூங்கிக்கொண்டிருக்கும். அக்டோபரிலேயே மூடாக்கு போட்டுவிட்டதும் காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஆழம் போதாமை.

விரலால் ஓர் அளவு

எந்த முடிவும் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு முளையின் பக்கத்தில், அதைத் தொடாமல், விரலால் மண்ணை மெதுவாக விலக்கிக்கொண்டே போங்கள். கிழங்கின் கூர்மையான தலை தட்டுப்பட்டதும் நிறுத்தி, தரையிலிருந்து அதுவரை அளவுகோலால் அளந்து பாருங்கள். டியூலிப், டாஃபடிலின் அடிப்பாகம் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும்; கிழங்கு சுமார் 5 செ.மீ. உயரம். ஆகவே தலைக்கு மேல் குறைந்தது 10 செ.மீ. மண் இருக்க வேண்டும். பார்த்ததும் அதே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

இன்னொரு சோதனை டிசம்பரிலும் உதவும். முளையை அடியில் இரண்டு விரலுக்கு நடுவே லேசாக அழுத்துங்கள். தட்டையாக, காகிதம் போல மடங்கினால் வெறும் இலை. உள்ளே அவரை விதை போலக் கெட்டியாக ஏதாவது உருண்டால், மொட்டு மேலே வந்துவிட்டது. இந்த இரண்டு விவரமும் கையில் இருந்தால் மீதி எளிது.

விட்டுவிடுதல்

தலைக்கு மேல் 10 செ.மீ. மண் இருக்கிறது, முளை 5 செ.மீ.க்குள் இருக்கிறது, விரலுக்கு மொட்டு தட்டுப்படவில்லை. விட்டுவிடுங்கள். மைனஸ் 4, மைனஸ் 5 வரை இலை பெரும்பாலும் தாங்கும். அதற்குக் கீழே போனால் நுனி பழுப்பாகும், காகிதம் போல வெளுக்கும். வசந்தத்தில் அந்த நுனியோடேயே இலை வளரும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், பூவுக்கு ஒன்றும் ஆகாது. குளிர் வந்ததும் வளர்ச்சி தானாக நின்றுவிடும். அதன்மேல் விழும் பனியே நல்ல கம்பளி.

விடுவது என்றால் உரமும் போடாமல் விடுவது. பாவம், வளர்கிறதே என்று தழைச்சத்து உரம் போடுபவர்கள் உண்டு. அது இலையை இன்னும் மென்மையாக்கி, உறைபனிக்கு இன்னும் எளிதாகப் பலிகொடுக்கும். மழை வழக்கம்போல் பெய்தால் தண்ணீரும் வேண்டாம்.

இங்கிலாந்தின் லண்டன் போன்ற இதமான குளிர் உள்ள ஊர்களில் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டியதில்லை. அங்கே டிசம்பரில் டாஃபடில் நுனி தெரிவது புதிதல்ல.

மூடாக்கு: எப்போது என்பதுதான் எல்லாம்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. முளையைப் பார்த்த அன்றே சருகை அள்ளிக் கொட்டுவதுதான் வழக்கம். அக்டோபரில் போட்ட மூடாக்கு மண்ணின் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். எந்த வெதுவெதுப்பால் முளைத்ததோ அதையே நாம் நீட்டித்துக் கொடுக்கிறோம். முளை இருட்டில் வெளுத்து, இன்னும் நீளும். வோல் என்ற குட்டை வால் எலிகளும் அந்தச் சருகுக்குள் குடியேறி, குளிர்காலம் முழுக்க டியூலிப் கிழங்கைத் தின்னும். டாஃபடில் நஞ்சுள்ளது, அதைத் தொடாது.

மூடாக்கு எதற்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் நேரமும் தானாகப் புரியும். கிழங்கைச் சூடாக வைக்க அல்ல. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைக்க. பகலில் இளகி இரவில் உறைந்து, மறுபடி இளகி மறுபடி உறையும்போது மண் உப்பி, கிழங்கை மேலே தள்ளும், வேரை அறுக்கும். களிமண்ணில் இது அதிகம். கால்கரியில் ஜனவரி நடுவில் சினூக் காற்று வீசி ஒரே நாளில் பூஜ்யத்துக்கு மேல் ஏற்றிவிடும். அங்கே மூடாக்கு கட்டாயம் என்றே சொல்வோம். டொராண்டோவில் சுவரோரப் பாத்திக்கும் புதிதாக நட்ட பாத்திக்கும் போட்டால் போதும்.

ஆகவே தரையின் மேல் 2, 3 செ.மீ. இறுகும் வரை காத்திருங்கள். கைக்கரண்டியின் முனையை அழுத்தினால் இறங்கக் கூடாது. தெற்கு ஒன்டாரியோவில் இது பெரும்பாலும் டிசம்பரில். அதுவரை சருகை மூட்டையில் உலர்வாக வைத்திருங்கள். மேப்பிள் இலையை முழுசாகப் போடாதீர்கள்; நனைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் விரித்தது போல ஆகி, காற்றும் போகாது முளையும் வராது. புல் வெட்டும் மெஷினை இரண்டு தடவை மேலே ஓட்டித் துண்டாக்கி, 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் சரி. ஓக் இலை அவ்வளவு ஒட்டாது. வைக்கோலும் நல்லது, ஆனால் விதையோடு வரும் தீவனப் புல் வேண்டாம், அடுத்த கோடையில் களை எடுத்து மாளாது. எங்களுக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் மரக் கிளை. ஜனவரி முதல் வாரத்தில் வீட்டு வாசல்களில் மரங்கள் கிடக்கும்; கிளைகளை வெட்டி இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் காற்றும் போகும், பனியும் தங்கும், முளையும் நசுங்காது.

மேலே மண் ஏற்றுதல்

விரலால் அளந்தபோது தலைக்கு மேல் மண் 5 முதல் 10 செ.மீ.க்குள் இருந்தால், தோண்டுவதைவிட இது நல்லது. மழையில் மண் கரைந்துபோனதாலோ, அணில் கிளறியதாலோ ஆழம் குறைந்திருக்கும். தோட்ட மண்ணும் நன்றாக மட்கிய கம்போஸ்ட்டும் சரிபாதி கலந்து, குறையும் அளவுக்கு, 5 செ.மீ.க்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். முளை மூடிப்போனாலும் கவலையில்லை, ஏப்ரலில் அது துளைத்துக்கொண்டு வரும். பாத்தி முழுக்கச் சமமாகப் பரப்ப வேண்டும். முளையின் மேல் மட்டும் குவியல் வைத்தால் அடுத்த மழையில் வழிந்துவிடும்.

அணில்தான் காரணமென்றால், மண் ஏற்றும் முன் 2.5 செ.மீ. கண்ணுள்ள கோழி வலையை விரித்து, ஓரங்களைக் கம்பியால் குத்தி, அதன்மேல் மண் போடுங்கள். முளை கண் வழியாக வந்துவிடும். எலும்புத்தூள் உரம் கலக்காதீர்கள். அந்த வாசனைக்கே கிளறுவதற்கு ஆட்கள் வருவார்கள்.

தோண்டி மறுபடி நடுதல்

தலைக்கு மேல் 5 செ.மீ. மண்கூட இல்லாத டியூலிப்புக்கும் ஹயசிந்த்துக்கும் மட்டும். அதுவும் தரை இறுகும் முன், நவம்பர் நடுவுக்குள். செய்யச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் வேர். டியூலிப்பின் வேர் கிளை விடாது. அறுந்த வேருக்குப் பதிலாக அந்தப் பருவத்தில் புதிதும் பெரும்பாலும் வராது. வேரை இழந்த கிழங்கு ஏப்ரலில் குட்டைத் தண்டில் சிறுத்த பூவைத் தரும், அல்லது மொட்டு உள்ளேயே காய்ந்துவிடும்.

அதனால் கிழங்கைப் பிடித்து இழுக்கவே கூடாது. முளையிலிருந்து 10 செ.மீ. தள்ளி நாலு பக்கமும் ஸ்பேடைச் செங்குத்தாக இறக்கி, மண் கட்டியோடு கிழங்கைத் தூக்கிப் பக்கத்தில் ஒரு தட்டில் வையுங்கள். குழியை இன்னும் 8, 10 செ.மீ. ஆழமாக்கி, அடியைக் கிளறி இளக்கி, கட்டியை அப்படியே இறக்கி மேலே மண் போடுங்கள். முளை முழுதும் மறைந்தாலும் பரவாயில்லை. காலால் மிதிக்க வேண்டாம், ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் மண் தானாகப் படியும். பத்து கிழங்குக்கு அரை நாள் ஆகும் வேலை. நூறு கிழங்கு நட்டிருந்தால், மண் ஏற்றுவதோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை மூடாக்கிடம் விடுங்கள்.

டாஃபடிலைத் தோண்ட வேண்டாம். சுருங்கி இழுக்கும் வேர் அதற்கு உண்டு. வருடத்துக்கு வருடம் தன்னைத்தானே கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்ளும். குரோக்கஸும் அப்படித்தான்.

துணி போர்த்துதல்

உறைபனித் துணியைக் கடைக்காரர்கள் இந்த நேரத்தில் நிறையப் பரிந்துரைப்பார்கள். இந்த வேலைக்கு அது வீண் செலவு. பகலில் மண் வாங்கிய சூட்டை ஓரிரவு தக்கவைத்து, மெல்லிய துணி என்றால் 2 டிகிரி, கனமானது என்றால் 4 டிகிரி வரை காப்பாற்றும். நான்கு மாதம் தொடரும் குளிருக்கு அது என்ன செய்யும்? ஏப்ரல் கடைசியில், மொட்டு விரியும் வாரத்தில் திடீரென்று ஓர் உறைபனி இரவு வரும்போது எடுத்து விரிக்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையான பொருள். பிளாஸ்டிக் விரிப்பு எப்போதுமே வேண்டாம். வெயில் பட்டால் உள்ளே வெந்து, ஈரம் கோத்து, இலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

வெட்டாதீர்கள்

புல்லை வெட்டினால் மறுபடி வளரும். டியூலிப் அப்படியல்ல. இந்த வருடத்துக்கான இலைகள் எல்லாம் கிழங்குக்குள் ஏற்கெனவே எண்ணி வைக்கப்பட்டவை. வழக்கமாக நாலைந்துக்கு மேல் இராது. ஒன்றை வெட்டினால் ஒன்று குறைவு, பதிலுக்கு வேறு வராது. இலை குறைந்தால் கிழங்கு மெலியும். மெலிந்த கிழங்கு அதற்கு அடுத்த வருடம் பூ இல்லாமல் ஒற்றை அகல இலையோடு நின்றுவிடும்.

மொட்டே வந்துவிட்டால்

அரிதாக இதுவும் நடக்கும். 2015 டிசம்பர் பிரிட்டனில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முன்பே பல ஊர்களில் டாஃபடில் பூத்து நின்றது. அந்த நிலையில் மூடாக்கு, துணி எதுவும் அந்தப் பூவைக் காப்பாற்றாது. விரலுக்கு மொட்டு தட்டுப்பட்டு, தண்டும் நீளத் தொடங்கிவிட்டால், நிறம் தெரிந்ததும் பூவை மட்டும் தண்டோடு வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வையுங்கள். இலையைத் தொட வேண்டாம். இந்த வசந்தத்துப் பூ போய்விட்டது, ஆனால் கிழங்கு பிழைக்கும்.

தொட்டியில் இருப்பவை

மேலே சொன்ன எதுவும் தொட்டிக்குப் பொருந்தாது. தரையில் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். தொட்டியில் நாலு பக்கமும் இறங்கி வேரையே உறையவைக்கும். முளைத்த தொட்டியை விட்டுவிடுவது இங்கே தவறான தேர்வு. சூடேற்றாத கராஜில், பூஜ்யத்துக்கும் 9 டிகிரிக்கும் நடுவே, இருட்டில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மண் லேசாக நனையும் அளவுக்குத் தண்ணீர். கராஜுக்குள் ஆப்பிள் கூடை இருந்தால் அதை வெளியேற்றுங்கள், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கருக்கிவிடும். கராஜ் இல்லாத வீடு என்றால், தரை இறுகும் முன் தொட்டியின் விளிம்பு வரை மண்ணில் புதைத்து, மற்றப் பாத்தி போலவே டிசம்பரில் மூடாக்கு.

ஏப்ரலில்

மூடாக்கை எடுப்பதற்கும் நேரம் உண்டு. மார்ச் கடைசியில், முளை மறுபடி நகரத் தொடங்கும்போது, முதலில் பாதியை மட்டும் எடுங்கள். மிச்சத்தை ஒரு வாரம் கழித்து, மேகம் மூடிய நாளாகப் பார்த்து. இருட்டில் வெளுத்த இலை நேர் வெயிலைக் கண்டால் கருகும். வாருகோலால் இழுக்காமல் கையால் எடுங்கள். அக்டோபரில் முளைத்து, உறைந்து, ஆறு மாதம் தாண்டி வந்த குருத்து, வாருகோலின் ஒரே இழுப்பில் அடியோடு முறிந்துவிடும்.